முடுக்குக்குள் கார்: கால் மெதுவாக, கை வேகமாக

அக்கா மகள் புனலூரில் இருக்கிறாள். அங்கேயே கார் பழகி, கேரளத்தில் எல்லாரும் பயந்து பயந்து பேசும் அந்த 'எச்' தேர்வை முதல் தடவையிலேயே முடித்து லைசென்ஸும் வாங்கிவிட்டாள். கம்பி நட்ட தடத்தில் எச் எழுத்தைப் போல முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். கம்பியில் பட்டால் போச்சு. அப்படிப்பட்டவள் போன மாதம் ஆரியங்காவு வழியாக வந்து, புளியரை எஸ் வளைவில் லாரிகளுக்கு நடுவே இறங்கி, செங்கோட்டையில் எங்கள் முடுக்கு (சந்து) முக்கு வரைக்கும் நல்லபடியாக ஓட்டிக்கொண்டு வந்தாள். அங்கே வண்டியை நிறுத்திச் சாவியை என்னிடம் நீட்டினாள்.

"மாமா, இதுக்குள்ள நீங்களே கொண்டு போங்க. இங்க கம்பி இல்லையே, நான் எதைப் பாத்து ஸ்டீயரிங்கை ஒடிக்க?"

சிரிப்பு வந்தாலும், அவள் கேட்டது சரியான கேள்விதான். "மூணாவது கம்பி கண்ணாடியில தெரிஞ்சதும் முழுசா ஒடி, ரெண்டாவது கம்பி வந்ததும் நேராக்கு" என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கம்பிக்கும் அந்த வண்டிக்கும் அது சரியாக வரும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-ஆவது விதி, வண்டியைப் பின்னால் எடுத்து, இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கும் குறுகலான வாய்க்குள் கட்டுப்பாட்டோடு நுழைத்துக் காட்ட வேண்டும் என்கிறது. கம்பியைப் பார்த்து நுழையக் கூடாது என்று அதில் இல்லை. ஆனால் ஊரில் கம்பி கிடையாது. வாறுகால் (திறந்த சாக்கடை) உண்டு, திண்ணை உண்டு, முக்கில் நட்ட கல் உண்டு.

செங்கோட்டை முதலில் திருவிதாங்கூரோடும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த ஊர். எங்கள் தெரு மாட்டுவண்டிக் காலத்துத் தெரு, அகலம் இருபது அடி. அதிலிருந்து பிரிகிற முடுக்குக்குப் பத்தடி. அதாவது மூன்று மீட்டர். ஸ்விஃப்ட் மாதிரி ஒரு காரின் அகலம் 1.735 மீட்டர். கணக்குப்படி தாராளமாகப் போகும். ஆனாலும் முக்கில் இருக்கிற சுவரில் நான்கைந்து நிறத்தில் கார் பெயின்ட் ஒட்டியிருக்கிறது. அதில் ஒரு நிறம் என்னுடையது.

மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக?

புதிதாக ஓட்டுகிறவர்களிடம் "மெதுவா போ" என்றால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு வருவார்கள். ரோட்டில் அது மெதுவுதான். முடுக்கு முக்கில் அது பாய்ச்சல்.

ஆக்சிலேட்டரைத் தொடாமல், முதல் கியரில், கிளட்சை முழுசாக விட்டுவிட்டால் கார் என்ன வேகத்தில் போகும்? சிறிய பெட்ரோல் காரின் எஞ்சின் சும்மா ஓடும்போது நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று சுற்றும். முதல் கியரும், சக்கர அச்சில் இருக்கும் பல்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலும் சேர்ந்து அதைப் பதினான்கில் ஒரு பங்காக்கிச் சக்கரத்துக்கு அனுப்பும் என்று வைத்துக்கொள்வோம். சக்கரம் 57 சுற்று. ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 103 மீட்டர், மணிக்கு ஆறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வேகமாக நடக்கிற ஆளின் நடை.

இதே அதிகம்தான். ஏன் என்று பாருங்கள். ஸ்டீயரிங்கை நேரிலிருந்து ஒரு பக்கம் முழுசாக ஒடிக்க ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று சுற்ற வேண்டும். பழகாத கைக்கு மூன்று வினாடி பிடிக்கும். மணிக்கு ஆறு கிலோமீட்டரில் மூன்று வினாடிக்குள் கார் ஐந்து மீட்டர் போய்விடும். ஸ்விஃப்டின் மொத்த நீளமே நாலு மீட்டருக்குள். ஆகக் கை ஒடித்து முடிப்பதற்குள் வண்டி தன் நீளத்தைவிட அதிகமாக நகர்ந்து எதிர்ச்சுவருக்கு எதிரே நிற்கிறது. அப்புறம் "இந்த வண்டி சரியா ஒடிய மாட்டேங்குது" என்று வண்டியைக் குறை சொல்கிறோம்.

அதே மூன்று வினாடி, மணிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில்? வண்டி நகர்வது 83 சென்டிமீட்டர்தான். காரை மாற்றவில்லை, ஸ்டீயரிங்கை மாற்றவில்லை. திரும்பும் இடம் மட்டும் சுருங்கிவிட்டது. கால் மெதுவாக, கை வேகமாக என்று அவளிடம் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். புதியவர்கள் சொல்லிவைத்த மாதிரி இதைத் தலைகீழாகச் செய்வார்கள்: கால் பதறும், கை தயங்கும்.

அந்த ஒரு கிலோமீட்டர் வேகத்தைக் கொடுப்பது அரை கிளட்ச். கிளட்சை மெல்ல விடும்போது ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் கொஞ்சம் கனக்கும், ஸ்டீயரிங்கில் ஒரு அதிர்வு வரும், வண்டி நகரலாமா என்று யோசிக்கும். அந்த இடத்தைக் கால் மனப்பாடம் செய்ய வேண்டும். அங்கிருந்து அரை விரல் அளவு மேலே, கீழே, அவ்வளவுதான் வேலை. சமதரையில் ஆக்சிலேட்டர் தேவையே இல்லை. அப்படியானால் வலது கால் எங்கே இருக்கும்? பிரேக்கின் மேலேயே. குறுகலான இடத்தில் நடக்கிற மோசமான விபத்து, பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதிப்பது. வலது கால் பிரேக்கை விட்டு நகராதவருக்கு அந்தத் தப்பு நடக்க வழியில்லை.

பழக ஒரு வழி: காலி மைதானத்தில் பத்து மீட்டர் அளந்து, அதைக் கடக்க முப்பது வினாடி எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் அணையாமல், குலுங்காமல், ஆக்சிலேட்டர் தொடாமல். கேட்கச் சுலபமாக இருக்கும். அக்கா மகள் முதல் தடவை பதினொரு வினாடியில் முடித்துவிட்டுப் பெருமையாகப் பார்த்தாள்.

ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் கிளட்ச் இல்லை; பிரேக்கை விட்டதும் தானாக ஊரும், பிரேக்கைத் தளர்த்தியும் அழுத்தியும் அதே வேகத்தைப் பிடிக்கலாம். இன்னும் லேசு.

அரை கிளட்சில் கிளட்ச் பிளேட் தேயாதா என்று கேட்பார்கள். தேயும். ஆனால் முடுக்குக்குள் நுழையும் ஒரு நிமிடத்தில் தேய்வது கொஞ்சம். சிக்னலில் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரை கிளட்சிலேயே வண்டியைத் தொங்கவிடுகிறவர்களின் பிளேட்தான் சீக்கிரம் போகும். கருகிய வாடை வந்தால் நிறுத்தி ஆறவிட வேண்டும்.

ஏணி தூக்கிய கதை

எங்கள் வீட்டில் வெள்ளையடிக்கும்போது நீளமான மூங்கில் ஏணியை முடுக்கு வழியாகக் கொண்டுவருவார்கள். முன்னால் பிடித்திருக்கிறவர் முக்கைத் தாண்டியதும் சட்டென்று திரும்பினால் ஏணியின் நடுப்பாகம் முக்குச் சுவரில் போய் இடிக்கும். விவரமான ஆள் என்ன செய்வார்? எதிர்ப்பக்கத்துக்கு நன்றாக ஒதுங்கி, முக்கைத் தாண்டி இன்னும் நாலெட்டு வைத்து, அப்புறம் திரும்புவார்.

கார் அந்த ஏணிதான். திரும்புவது முன்சக்கரம் மட்டும். பின்சக்கரம் திரும்பாது, இழுபட்டு வரும். வரும்போது குறுக்கு வழியில் வரும். எவ்வளவு குறுக்கே? ஸ்விஃப்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 2.45 மீட்டர், திரும்பும் ஆரம் 4.8 மீட்டர். முழுசாக ஒடித்துத் திரும்பும்போது உள்பக்க முன்சக்கரம் போகும் வட்டத்தைவிட உள்பக்கப் பின்சக்கரம் போகும் வட்டம் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் உள்ளே தள்ளி விழும். முன்சக்கரம் முக்குக் கல்லை ஒரு முழம் விட்டுத் தாண்டியதே என்று நிம்மதியாக மூச்சு விடும்போதுதான் பின்கதவில் 'கர்ர்ர்' என்று சத்தம் வரும். என் பெயின்ட் சுவருக்குப் போனது அப்படித்தான்.

முக்கில் கல்லை நட்டவர்களுக்கு இது தெரிந்திருந்தது. மாடு திரும்பிவிடும், பின்னால் வரும் சக்கரம் குறுக்கே வந்து சுவரைப் பெயர்க்கும். அதனால் சுவருக்குக் காவலாக ஒரு கல். இன்று அதைக் கார் ஓட்டுகிறவர்கள் திட்டுகிறார்கள். கல் இல்லாவிட்டால் சுவர்.

புளியரையில் வைக்கோல் லோடு லாரி வளைவுக்கு முன்னால் எதிர்ப்பக்கம் ஒதுங்குவதைப் பார்த்து, "இவன் எங்க போறான்?" என்று ஹாரன் அடிப்பவர்கள் உண்டு. அவர் ஏணியைத் திருப்புகிறார். அச்சுகளுக்கு நடுவே இடைவெளி கூடக்கூட வால் உள்ளே விழுவதும் கூடும். அந்த நேரத்தில் லாரியின் உள்பக்கம் கிடைக்கிற இடைவெளியில் காரையோ பைக்கையோ நுழைப்பது தற்கொலைக்குச் சமம்.

இடப்பக்கம் இருக்கும் முடுக்குக்குள் நுழைய நான் செய்வது இது. தெருவின் வலது ஓரமாக வருவேன். முக்குக்கும் வண்டிக்கும் நடுவே குறைந்தது இரண்டு மீட்டர், அதாவது ஒரு ஆள் படுக்கிற இடம். முடுக்கின் வாய் குறுகக் குறுக இந்த இடைவெளி கூட வேண்டும். இடது கண்ணாடி முக்கை நெருங்கும் வரை நேராகவே ஊர்வேன், நெருங்கியதும் அரை கிளட்சில் மளமளவென்று முழுசாக ஒடிப்பேன். அதற்குப் பிறகு கண் முன்னால் மட்டும் இருக்காது; இடது கண்ணாடியில் பின்சக்கரத்தையும் கல்லையும் பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவே கல்லுக்கும் கதவுக்கும் இடம் குறைகிறது என்று பட்டால் பிரேக், கொஞ்சம் நேராக்கி ஓரடி முன்னால், மறுபடி ஒடி. இது என் வண்டிக்கு நான் கண்ட அடையாளம். உங்கள் வண்டிக்குக் கண்ணாடிக்குப் பதில் உங்கள் தோளாக இருக்கலாம். அந்தக் கம்பி வாய்ப்பாட்டுக்கும் இதற்கும் வித்தியாசம், அடையாளம் ஏன் அங்கே இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும் என்பதுதான்.

இடையில் ஒரு சின்னக் கதை. திரும்பும்போது உள்பக்க முன்சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடக் கூடுதலாக ஒடியும். இரண்டும் வேறு வேறு அளவு வட்டத்தில் போவதால் அப்படி ஒடிந்தால்தான் டயர் தேயாமல் உருளும். இதைக் குதிரை வண்டிக்காகக் கண்டுபிடித்தவர் மியூனிக்கைச் சேர்ந்த லாங்கன்ஸ்பெர்கர். 1818-இல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கியவர் அக்கர்மன். இன்றும் அதற்குப் பெயர் அக்கர்மன் ஸ்டீயரிங். காப்புரிமை வாங்கியவர் பேர்தான் நிற்கிறது.

ரிவர்ஸ்: வாலைப் பார்க்கும்போது மூக்கு எங்கே போகிறது?

பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங் எந்தப் பக்கம் ஒடிகிறதோ அந்தப் பக்கம் வால் போகும். வால் இடது பக்கம் போக வேண்டுமா, இடது பக்கமே ஒடியுங்கள். நிறையப் பேர் இதைத் தலைகீழாக நினைத்துக் குழம்புகிறார்கள். குழப்பம் வந்தால் ஒரு சாண் நகர்த்திக் கண்ணாடியில் பாருங்கள், வண்டியே பதில் சொல்லும்.

குறுகலான இடத்துக்குள் முன்னால் நுழைவதைவிடப் பின்னால் நுழைவது சுலபம். கேட்பதற்கு ஏறுமாறாக இருக்கும். ஆனால் பின்சக்கரங்கள் முதலில் சந்துக்குள் போய் இடம் பிடித்துவிட்டால், மூக்கு வெளியே அகலமான தெருவில் வீசித் திரும்பிக்கொள்ளலாம். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் இரண்டு வண்டிக்கு நடுவே இடம் கிடைத்தால் ரிவர்ஸில் போடுங்கள். ஈரத் துணியும் குழந்தைகளுமாகத் திரும்பி வந்து கிளம்பும்போது நேராக வெளியே வந்துவிடலாம்.

இதற்கு ஒரு விலை உண்டு: அந்த மூக்கு வீச்சு. முழுசாக ஒடித்துப் பின்னால் எடுக்கும்போது முன்பம்பரின் மூலை எதிர்ப்பக்கம் அகலமாக வீசும். ஒருநாள் காலையில் வாறுகாலில் பின்சக்கரம் இறங்கிவிடக் கூடாதே என்று கழுத்தைப் பின்னால் திருப்பியபடியே எடுத்துக்கொண்டிருந்தேன். முன்னால் 'டொம்' என்றது. பால்காரர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தியிருந்த டி.வி.எஸ். சாய்ந்து, கேன் உருண்டு, ஐந்து லிட்டர் பால் நான் அவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்த அதே வாறுகாலில் ஓடியது. வாலுக்கு இரண்டு பார்வை, மூக்குக்கு ஒரு பார்வை என்று அன்றைக்குத்தான் பழக்கம் வந்தது. ரிவர்ஸ் கேமரா இதில் உதவாது, அது வாலை மட்டுமே காட்டும்.

கிளம்புவதற்கு முன் வண்டியை ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள். தவழ்கிற குழந்தை எந்தக் கண்ணாடியிலும் தெரியாது.

தெரியாத இடப்பக்கம்

நாம் வலப்பக்கம் உட்காருகிறோம். வலப்பக்கச் சக்கரம் எங்கே இருக்கிறது என்று உடம்புக்கே ஓரளவு தெரியும். இடப்பக்கம் இருட்டு. பயத்தில் நிறையப் பேர் இடப்பக்கம் அளவுக்கு மேல் இடம் விட்டு வலப்பக்கம் போய் உரசுவார்கள்.

இதற்கு மருந்து ஒரு தேங்காய்ச் சிரட்டை. மைதானத்தில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்து, இருபது மீட்டர் தள்ளியிருந்து வந்து இடது முன்சக்கரத்தால் அதை நொறுக்க வேண்டும். மெதுவாகத்தான். அக்கா மகளுக்கு முதல் நாள் எட்டுத் தடவையில் ஒன்றுகூட நொறுங்கவில்லை. சிரட்டை எப்போதும் வண்டிக்கு நடுவில் போனது. அதாவது தன் இடது சக்கரம் நிஜத்தில் இருப்பதைவிட உள்ளே இருப்பதாக நினைத்திருக்கிறாள். ஒன்பதாவது தடவை 'படக்' என்று சத்தம் கேட்டதும், கண்ணாடிக்கு முன்னால் போனெட்டில் எந்த இடத்துக்கு நேரே சிரட்டை மறைந்தது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். மறுநாள் ஆறுக்கு ஐந்து நொறுங்கியது. வீட்டில் சிரட்டை தீர்ந்துவிட்டது.

இடது கண்ணாடியைப் பின்சக்கரமும் தரையும் தெரிகிற மாதிரி கீழே சாய்த்துக்கொள்வதும் உதவும். முடித்த பிறகு மறக்காமல் பழையபடி ஏற்றிவிடுங்கள். அந்தக் கண்ணாடி குவிந்ததாக இருந்தால் அதில் எல்லாம் நிஜத்தைவிடத் தள்ளி இருப்பதாகவே தெரியும். கல்லுக்கு ஒரு முழம் இடம் இருப்பதாகத் தெரிந்தால் ஒரு சாண் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தெருவில் திருப்புவது, மலையில் ஒதுங்குவது

4.8 மீட்டர் ஆரம் என்றால் ஒரே சுற்றில் திரும்ப 9.6 மீட்டர் அகலம் வேண்டும். எங்கள் தெருவுக்கு ஆறு மீட்டர். ஆக, முன்னால், பின்னால், முன்னால் என்று மூன்று வெட்டிலாவது திருப்ப வேண்டும். இதில் ஒரே ஒரு நுணுக்கம்தான்: நிற்பதற்கு முந்தைய கடைசி அரை மீட்டரில், வண்டி இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கும்போதே, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிக்க ஆரம்பித்துவிடுங்கள். அடுத்த வெட்டுக்குச் சக்கரம் தயாராக இருக்கும். நின்ற வண்டியில் ஒடித்தால் டயர் ஒரே இடத்தில் அரைபடும், ஸ்டீயரிங் மோட்டாருக்கும் சுமை. வேறு வழியில்லாத இடத்தில் ஒடிக்கலாம், குற்றமில்லை.

மலைப்பாதையில் இரண்டு வண்டிக்கு இடம் இல்லாத இடத்தில் சட்டம் தெளிவு: இறங்குகிற வண்டி நின்று, ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். பின்னால் எடுத்துத்தான் வழி விட முடியும் என்று வந்தால், இறங்கி வந்தவருக்கு அது ஏற்றத்தில் ரிவர்ஸ். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச் பிடிக்கும் இடம் வந்ததும் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். முதல் தடவையாக இதைக் கொடும்பள்ளத்துக்குப் பக்கத்தில் செய்து பார்க்க வேண்டாம். ஊரில் ஏதாவது ஒரு சின்ன ஏற்றத்தில் பழகிக்கொள்ளுங்கள்.

திண்ணை வாத்தியார்கள்

முடுக்கு முக்கில் கார் நின்றால் போதும், ஐந்து பேர் வந்துவிடுவார்கள். ஒருவர் "வரட்டும் வரட்டும்" என்பார், இன்னொருவர் "லெஃப்ட்ல ஒடி" என்பார், திண்ணையில் இருக்கும் பாட்டி "நிறுத்துல!" என்பாள். எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒருவர் சொன்னால் போதும், அவரும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்க வேண்டும். அவரிடம் "ஒடிக்கிறதை நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, கல்லுக்கும் வண்டிக்கும் எவ்வளவு இடம் இருக்குன்னு மட்டும் கையில காட்டுங்க" என்று கேளுங்கள். அவர் கண்ணில் படாமல் போனால் உடனே பிரேக்.

ஒரே மூச்சில் நுழைய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆறு தடவை முன்னும் பின்னும் எடுத்தாலும் சரி. வேடிக்கை பார்ப்பவர்களுக்குப் பயந்து ஐந்தாவது தடவையில் அவசரப்படுகிறவர்கள்தான் உரசுகிறார்கள். பின்னால் ஆட்டோ ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளே கொண்டுவந்தாள். முக்கில் இரண்டு மீட்டர் ஒதுங்கி, கண்ணாடி வந்ததும் ஒடித்து, நடுவில் ஒரு தடவை நிறுத்திப் பின்னால் எடுத்து, கல்லுக்கு ஒரு சாண் விட்டு உள்ளே வந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் படிக்கும் இடம் விட்டு, வலது சுவரை ஒட்டி அழகாக நிறுத்தினாள். அப்புறம் இறங்கப் போனால் கதவு நாலு விரல்தான் திறந்தது. இடப்பக்க சீட்டுக்குத் தாவி, கியர் கம்பியில் துப்பட்டா மாட்டி, ஒருவழியாக வெளியே வந்தாள். ஓட்டுகிறவர் இறங்குகிற பக்கம் இரண்டடி விட்டு நிறுத்த வேண்டும் என்பதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.